பிறப்பதற்கு முன்பே வெளிவந்த சான் அண்ட்ரியாஸை நம் ஊர்ப் பிள்ளைகள் ஏன் இன்னும் தேடி வருகிறார்கள்?

செராய்க்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் பாடாங் செராயில் கணினியும் கைத்தொலைபேசியும் பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். படிவம் ஐந்து முடித்துவிட்டு வேலைக்கோ மேற்படிப்புக்கோ காத்திருக்கும் பையன்கள், வீட்டில் யாரோ பயன்படுத்திக் கழித்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். விசைப்பலகையை மாற்றி, தூசு தட்டி, விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தால், காசைக் கொடுக்கும் முன் அவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: இதில் சான் அண்ட்ரியாஸ் ஓடுமா?

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' (பெரும் கார் திருட்டு) தொடரைச் சேர்ந்த அந்த விளையாட்டு பிளேஸ்டேஷன் 2 என்ற விளையாட்டுக் கருவியில் வெளிவந்தது 2004 அக்டோபர் 26-இல். கணினிக்கு வந்தது 2005 ஜூனில். இன்று என் கடை வாசலில் நிற்கும் பையன்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். எங்கள் தலைமுறை அதை விரும்பினால் இளமைக்கால நினைவு என்று சொல்லிவிடலாம். இவர்களுக்கு அந்த நினைவே கிடையாதே. பழைய கணினியில் ஓடுகிறது என்பது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. 1 கிகாஹெர்ட்ஸ் செயலியும் 256 மெகாபைட் நினைவகமும் இருந்தாலே போதும் என்று அந்நாளில் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் அதே கணினியில் அந்தக் காலத்து விளையாட்டுகள் இன்னும் எத்தனையோ ஓடும். அவற்றை ஒருவரும் கேட்பதில்லை. 2013-இல் வெளிவந்த ஐந்தாம் பாகத்தின் காட்சிகளைக் கைத்தொலைபேசியில் தினமும் பார்க்கும் பிள்ளைகள், எதற்காக இதற்குத் திரும்பி வருகிறார்கள்?

இந்த விளையாட்டின் புகழ் எனக்குத் தெரிந்ததுதான். அதன் கட்டமைப்பில் எது இத்தனை ஆண்டுகள் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை, அதை நன்கு அறிந்தவர்கள் விளக்கிச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஜெராய் நிழல் எழுதியது:

அண்ணனுக்கு வணக்கம். என்னைக் கேட்டால் எல்லாம் அந்தச் சைக்கிளிலிருந்து தொடங்குகிறது என்பேன்.

கார் திருட்டைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஒரு விளையாட்டு, தன் கதாநாயகனுக்கு முதலில் கொடுக்கும் வண்டி சைக்கிள். ஐந்து ஆண்டுகள் லிபர்ட்டி சிட்டியில் இருந்துவிட்டுத் தாயின் சாவுக்காக 1992-இல் ஊர் திரும்பும் கார்ல் ஜான்சனை, விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே டென்பென்னி என்ற காவல் அதிகாரி மறிக்கிறார். கையிலிருந்த பணத்தைப் பறித்துக்கொண்டு, எதிரிக் கும்பல் நடமாடும் பகுதியில் அவனை இறக்கிவிட்டுப் போகிறார். அங்கே கிடைக்கும் ஒரு சைக்கிளை மிதித்துக்கொண்டுதான் அவன் தன் கிரோவ் தெருவுக்கு வந்து சேர்கிறான். அடுத்து, தாயின் கல்லறைக்குப் போன இடத்தில் பல்லாஸ் கும்பல் காரை எரித்துவிட, அண்ணன் ஸ்வீட், நண்பர்கள் ரைடர், ஸ்மோக் ஆகியோருடன் மறுபடியும் சைக்கிளில்தான் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. வேகமாகப் போக வேண்டுமென்றால் பொத்தானை விடாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சற்று நேரத்தில் விரல் வலிக்கத் தொடங்கிவிடும்.

வடிவமைத்தவர்கள் காரணத்தோடுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன். சைக்கிள் வேகத்தில் போகும்போது பாலத்தின் அடி, முடிதிருத்தும் கடை, பீட்சா கடை, உடற்பயிற்சிக் கூடம், வண்டிக்குச் சாயம் பூசும் பட்டறை என்று ஒவ்வொன்றும் எந்த மூலையில் இருக்கிறது என்பது மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்தப் பகுதியை நாம் வரைபடத்தைப் பார்த்துக் கற்பதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பள்ளிக்கும் கோயிலுக்கும் கடைக்கும் சைக்கிளில் போய்ப் போய்த்தான் பாதைகளைக் கற்றார்கள். அந்தப் பழக்கத்தையே இந்த விளையாட்டும் கேட்கிறது. அதனால்தான் அது நம் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

அதன் பிறகு வேகம் படிப்படியாகத்தான் கூடுகிறது. லாஸ் சாண்டோஸ் நகரம் பழகிப்போய், தெருக்கள் கைக்கு வந்துவிட்ட நேரத்தில், துரோகம் வெளிப்பட்டு, கார்ல் தலையில் பை போட்டுக் கடத்தப்பட்டு, சில்லியாட் மலையடிவாரத்தில் உள்ள ஏஞ்சல் பைன் என்ற சிற்றூரில் தள்ளப்படுகிறான். அதுவரை கற்ற எந்தத் தெருவும் அங்கே உதவாது. மண்சாலை, பண்ணை, மரம் அறுக்கும் இடம், இரவில் விளக்கே இல்லாத வளைவுகள் என்று வேறோர் உலகம் விரிகிறது. பிறகு சான் ஃபியரோவின் மேடு பள்ளமான தெருக்களும், பாலைவனமும், அங்கே விலைக்கு வாங்கும் கைவிடப்பட்ட விமானத் தளமும், விமானப் பயிற்சியும், லாஸ் வெஞ்சுராஸின் சூதாட்ட விளக்குகளும் வந்து, கடைசியில் புறப்பட்ட அதே கிரோவ் தெருவுக்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது. திரும்பி வருபவன் வேறு ஆளாக இருக்கிறான்; தெருவும் அவன் கண்ணுக்கு வேறாகத் தெரிகிறது.

ஒரு கணக்கைச் சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். அந்த முழு நிலப்பரப்பும், சுற்றியுள்ள கடலையும் சேர்த்து, ஆறு கிலோமீட்டருக்கு ஆறு கிலோமீட்டர்தான். நம் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் பெரியதாக இரண்டைச் சேர்த்தால் கிட்டத்தட்ட அந்தப் பரப்பு வந்துவிடும். அதற்குள் மூன்று நகரம், ஒரு பாலைவனம், ஒரு மலை, இடையில் ஏராளமான சிற்றூர்கள் அடங்கியிருக்கின்றன. ஆனால் விளையாடிய எவரும் அதைச் சிறிய இடமென்று சொல்ல மாட்டார்கள். ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்கு நேர்ச்சாலை கொடுக்காமல், மலையைச் சுற்றியும் ஆற்றைக் கடந்தும் போக வைத்திருக்கிறார்கள். தொலைவில் உள்ளதை மூட்டம் மறைத்துவிடுவதால் அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது. முந்தைய இரண்டு பாகங்களில் ஒரு தீவிலிருந்து மறு தீவுக்குப் போகும்போது திரை மாறிக் காத்திருக்க வேண்டும்; இதில் தெற்கிலிருந்து வடக்கு வரை ஒரே ஓட்டமாகப் போகலாம். மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது உண்மையிலேயே நெடுந்தூரம் பயணம் செய்த களைப்பு ஏற்படுகிறது.

உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்ல் சாப்பிட்டால் பருக்கிறான், சாப்பிடாமல் விட்டால் மெலிகிறான், பயிற்சி செய்தால் உடல் இறுகுகிறது. நீந்த நீந்த மூச்சு நீள்கிறது. மோட்டார் சைக்கிள் ஓட்ட ஓட்டக் கீழே விழுவது குறைகிறது. நாம் செலவழித்த நேரம் அவன் உடம்பில் தெரிகிறது. பிற்காலத்தில் வந்த பாகங்களில் காட்சி எவ்வளவோ மேம்பட்டது. ஆனால் இந்த அளவுக்கு ஆளையே வளர்க்கும் ஏற்பாட்டை அவர்கள் தொடரவில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. புதியவற்றை விட்டுப் பிள்ளைகள் இதற்குத் திரும்புவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

பழைய சி.சி. நண்பன் எழுதியது:

மேலே எழுதியவருடன் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். பரப்பும் நீளமும் மட்டுமே ஒரு விளையாட்டைக் காப்பாற்றா. எனக்கு 2002-இல் வந்த வைஸ் சிட்டிதான் இத்தொடரின் நிறைவான படைப்பு. 1986-ஆம் ஆண்டின் மயாமியை மனத்தில் வைத்துக் கட்டிய அந்தச் சிறிய நகரத்தில் ஒரு மூலைகூட வீணில்லை; நிறமும் இசையும் கதையும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. சான் அண்ட்ரியாஸில் பாலைவனத்துக்குப் போன பிறகு கதை தொய்ந்துவிடுகிறது. அரசாங்க உளவாளி, இராணுவத் தளம், முதுகில் கட்டிப் பறக்கும் இயந்திரம் என்று போகும்போது கிரோவ் தெருவே மறந்துபோகிறது.

ஆனாலும் எங்கள் ஊர் சி.சி.யில், அதாவது சைபர் கஃபேயில், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடிய நாட்களிலேயே, வைஸ் சிட்டியை முடித்தவன் எழுந்து போய்விடுவான், சான் அண்ட்ரியாஸை முடித்தவன் எழுந்து போக மாட்டான் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கதை முடிந்த பிறகும் அவர்களுக்கு அங்கே வேலை இருந்தது. என் கருத்துக்கு எதிரான சான்று என்றாலும் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும்.

கூலிம் பொறியாளர் எழுதியது:

நான் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை செய்கிறேன். இந்த விளையாட்டின் ஆயுள் நீண்டதற்கு அதன் கோப்புகளும் முக்கியக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அதை யாரும் இங்கே தொடவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிளேஸ்டேஷன் 2-இன் முதன்மை நினைவகம் 32 மெகாபைட்தான். மூன்று நகரத்தை அதற்குள் ஒரே நேரத்தில் வைக்க முடியாது. எனவே ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருந்த ராக்ஸ்டார் நார்த் குழுவினர், விளையாடுபவர் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ளதை மட்டும் வட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, கடந்துபோனதை விட்டுவிடும் முறையைக் கையாண்டார்கள். நீங்கள் அரிய கார் ஒன்றைத் தேடிப் பிடித்து ஓட்டத் தொடங்கியதும், அதே கார் தெருவெங்கும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டியின் மாதிரி ஏற்கெனவே நினைவகத்துக்கு வந்துவிட்டதால், போக்குவரத்தை நிரப்பவும் அதையே பயன்படுத்திக்கொள்கிறது. ஜெராய் நிழல் சொன்ன மூட்டமும் இதே நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான். வரைய முடியாத தொலைவை மறைக்க வந்த திரை, நிலத்தைப் பெரிதாகக் காட்டும் கருவியாகவும் ஆகிவிட்டது.

அடுத்து, திறந்து பார்க்கக்கூடிய கோப்புகள். வண்டிகள் எப்படி ஓட வேண்டும் என்பதை முடிவு செய்யும் ஹேண்ட்லிங் கோப்பு சாதாரண உரைக் கோப்பு, நோட்பேடிலேயே திறந்துவிடலாம். ஒவ்வொரு வரியும் ஒரு வண்டி. அதில் எடை, காற்றுத் தடை, சக்கரத்தின் பிடிமானம், உச்ச வேகம், பிரேக்கின் பலம் என்று எண்கள் வரிசையாக நிற்கும். எடையைப் பாதியாக்கிச் சேமித்து, விளையாட்டை மறுபடியும் திறந்தால், அதே கார் வளைவில் தூக்கி எறியப்படுவதைக் கண்ணால் பார்க்கலாம். இயற்பியல் பாடத்தில் மனப்பாடம் செய்தது அங்கே கண்முன் நடக்கும். வண்டிகளின் உருவமும் மேற்பூச்சும் டி.எஃப்.எஃப்., டி.எக்ஸ்.டி. என்ற இரண்டு வகைக் கோப்புகளில் தனித்தனியாக இருப்பதால், அவற்றை மாற்றிவைப்பதும் கடினமில்லை. நம் நாட்டு ஆர்வலர்கள் புரோட்டோன் வீராவையும் கஞ்சிலையும் லாஸ் சாண்டோஸ் தெருவில் ஓடவிட்டது இப்படித்தான். தோட்டப்புறத்துப் பையன் ஒருவன் தன் மாமாவின் வீராவைப் போன்ற காரில் அந்த மலைச்சாலையில் ஏறும்போது, அது வேறு நாட்டார் செய்து கொடுத்த பொருளாக அவனுக்குத் தோன்றாது.

இணையத்தில் பலர் சேர்ந்து விளையாட நிறுவனம் ஏற்பாடு எதுவும் செய்யாதபோதும், ஆர்வலர்களே எஸ்.ஏ.-எம்.பி., எம்.டி.ஏ. ஆகிய சேர்க்கை நிரல்களை எழுதி அதைச் செய்து காட்டினார்கள். சுட்டுத் தள்ளுவதற்காகச் செய்த நிலத்தில் ஒருவர் வாடகைக்கார் ஓட்டுநராகவும், ஒருவர் மருத்துவ ஊர்தி ஓட்டுபவராகவும், இன்னொருவர் போக்குவரத்துக் காவலராகவும் வேடம் ஏற்று மாலை முழுவதும் ஒழுங்காகப் பணி செய்யும் சர்வர்கள் தோன்றின. சி.சி. நண்பர் சொன்ன, முடிந்த பிறகும் எழுந்து போகாத கூட்டத்துக்கு இடம் கொடுத்தவை இவையே.

இந்த அக்கறை இன்னும் அணையவில்லை என்பதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. 2024-இன் இறுதியில் விண்டோஸ் 11-க்கு 24எச்2 என்ற மேம்பாடு வந்த பிறகு, ஸ்கிம்மர் என்ற நீர்விமானம் விளையாட்டிலிருந்து காணாமல் போய்விட்டது. கட்டாயப்படுத்தி அதை வரவழைத்தால், ஏறி உட்கார்ந்த கார்ல் அண்டவெளிக்கும் அப்பால் தூக்கி வீசப்பட்டான். சைலண்ட் என்ற பெயரில் பல ஆண்டுகளாக இந்த விளையாட்டின் பிழைகளைத் திருத்தி வரும் நிரலாளர், 2025-இல் இதன் வேரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதினார். வண்டிகளின் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் சக்கரத்தின் அளவைக் குறிக்க வேண்டும். ஸ்கிம்மரின் வரியில் மட்டும் அது விடுபட்டிருந்தது. வைஸ் சிட்டியில் அது படகாகக் கணக்கிடப்பட்டதால் அங்கே தேவைப்படவில்லை, இதில் விமானமாக மாற்றியபோது சேர்க்கத் தவறிவிட்டார்கள். இல்லாத எண்ணுக்குப் பதிலாக, அதற்கு முன் படித்த வண்டியின் எண் நினைவகத்தில் தற்செயலாக எஞ்சியிருந்தது. அதையே நிரல் எடுத்துக்கொண்டது. பழைய விண்டோஸ்கள் அந்த இடத்தைத் தொடாமல் விட்டதால் இருபது ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் விமானம் பறந்தது. புதிய விண்டோஸ் அந்த இடத்தில் வேறு எதையோ எழுதியதும் பிழை வெளிப்பட்டது. விண்டோஸ்மேல் குற்றமில்லை என்பதையும் அவர் நேர்மையாகவே எழுதினார்.

சம்பளம் வாங்காத ஒருவர், 2004-ஆம் ஆண்டின் ஒரு விமானத்துக்காக இயந்திர மொழி வரை இறங்கித் தேடுகிறார் என்றால், அந்த விளையாட்டு அவருக்கு வெறும் பொழுதுபோக்காக இருக்க முடியாது. அண்ணன் கடைக்கு வரும் பையன்களின் கணினியில் இன்று அது ஓடுவதற்கு இப்படிப்பட்டவர்களின் உழைப்பும் காரணம்.

தோட்டத்து ஆசிரியை எழுதியது:

வணக்கம். இடைநிலைப்பள்ளியில் கற்பிக்கிறேன். என் தம்பி விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதையைப் பார்த்தே அதை முழுவதும் அறிந்தவள் நான். இங்கே நிலத்தைப் பற்றியும் கோப்பைப் பற்றியும் சிறப்பாக எழுதியிருக்கிறீர்கள். கதையைப் பற்றி நான் எழுதுகிறேன். ஏனெனில் என் மாணவர்கள் என்னிடம் பேசுவது கதையைப் பற்றித்தான்.

நம் பிள்ளைகளுக்குக் குண்டர் கும்பல் மீது உள்ள கவர்ச்சியால்தான் இது ஓடுகிறது என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கவலையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று பெயரோடு அறிவித்த நாட்களில், நம் சமூகத்து வீடுகளில் எழுந்த அச்சம் எனக்கு நினைவிருக்கிறது. தோட்டங்கள் மூடப்பட்டு, தெரிந்த முகங்கள் கலைந்து, அடுக்குமாடிகளில் வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை.

ஆனால் அந்தக் கதை கும்பல் வாழ்க்கையைப் பற்றி என்ன சொல்கிறது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஊர் திரும்பியதும் கார்லுக்கு அண்ணன் கொடுக்கும் வரவேற்பு கண்டிப்புதான்: குடும்பத்துக்கு நீ தேவைப்பட்ட நேரத்தில் விட்டுவிட்டு ஓடினாய் என்ற குற்றச்சாட்டை ஸ்வீட் கடைசி வரை விடுவதில்லை. பணம் சேர்ந்து, மாளிகை சேர்ந்து, சூதாட்ட விடுதியில் பங்கும் சேர்ந்த பிறகு, சிறையிலிருந்து மீட்ட அண்ணனிடம் கார்ல் அந்தச் செல்வத்தைப் பெருமையோடு சொல்கிறான். ஸ்வீட்டோ, தெரு போதைப்பொருளில் மூழ்கிக் கிடக்கும்போது எனக்கு அது எதற்கு என்று கேட்டுவிட்டுத் தன் பழைய வீட்டுக்கே போகிறார். வேலை தேடி கோலாலம்பூருக்கும் ஜோகூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் சாவுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திரும்பி வரும் ஊர் நம்முடையது. அந்த வாக்குவாதம் இங்கே எத்தனை வீடுகளில் நடந்திருக்கும்! கதையில் மறக்க முடியாதவர் யார் என்று கேட்டால் என் மாணவர்கள் ஸ்வீட்டையும், கூடவே இருந்து காட்டிக்கொடுத்த ஸ்மோக்கையும்தான் சொல்கிறார்கள். துப்பாக்கியின் பெயரை எவரும் சொல்வதில்லை.

பின்னணியும் இட்டுக்கட்டியது அன்று. 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் காவலர்கள் ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்தது படக்கருவியில் பதிவாயிற்று. 1992 ஏப்ரல் 29-இல் அந்தக் காவலர்களை நீதிமன்றம் விடுவித்ததும் நகரம் பற்றி எரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விளையாட்டில் டென்பென்னி விடுவிக்கப்பட்டதும் லாஸ் சாண்டோஸ் எரிவது அதன் சாயல்தான். அவர் பணியாற்றும் பிரிவின் பெயர்கூட, பிற்காலத்தில் ஊழலுக்குப் பெயர்போன உண்மையான காவல் பிரிவின் பெயரே. டென்பென்னிக்குக் குரல் கொடுத்தவர் சாமுவேல் எல். ஜாக்சன். அந்தக் குரலில் உள்ள அலட்சியத்தைக் கேட்டால், அதிகாரம் ஏழைகளிடம் எப்படிப் பேசும் என்பது எந்த நாட்டுப் பிள்ளைக்கும் புரியும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெண்களை அது நடத்தும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தங்கை கெண்டலுக்கு மட்டும் சற்று மதிப்பான இடம் கிடைக்கிறது. காதலிகள் என்று வருபவர்கள் பரிசு கொடுத்தால் ஏறும் அளவுகோலாகவே இருக்கிறார்கள். 2005-இல், மறைத்து விட்டிருந்த பாலியல் காட்சி ஒன்று வெளிப்பட்டதும், அமெரிக்காவில் அதன் வயது வகைப்பாட்டைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று உயர்த்தினார்கள். பிரிட்டனில் தொடக்கம் முதலே அது 18 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. ஆகவே, கடைக்கார அண்ணனிடம் ஒரு வேண்டுகோள்: படிவம் ஐந்து முடித்த பையன் கேட்டால் அவன் வயதைக் கேட்டுவிட்டுச் செய்து கொடுங்கள். ஆரம்பப்பள்ளிப் பிள்ளை அண்ணனின் கணினியோடு வந்து கேட்டால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். இந்தக் கதை நல்ல கதை; அது பேசும் இழப்பைப் புரிந்துகொள்ளும் வயதில் பார்த்தால்தான் நல்ல கதை.

செராய்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்; இனி வயதைக் கேட்காமல் செய்து கொடுப்பதில்லை.

சைக்கிள் விளக்கத்தைப் படித்த பிறகு கடையில் இரண்டு பையன்களைக் கவனித்தேன். ஒருவன் கதையைத் தொடவே இல்லை. விளையாட்டைத் திறந்ததும் ஏஞ்சல் பைன் பக்கம் போய், மழையில் மலைச்சாலையில் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டு, விளையாட்டுக்குள் வரும் கே ரோஸ் வானொலியில் பழைய நாட்டுப்புறப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். சும்மா போய்க்கொண்டிருக்கிறேன் என்றான். ஐந்தாம் பாகத்தில் ஏன் இப்படிப் போவதில்லை என்றதற்கு, அங்கே வழி நினைவில் நிற்பதில்லை, இங்கே எல்லா வழியும் தெரியும் என்று பதில் சொன்னான். ஜெராய் நிழல் தம்பியின் கருத்துக்கு இதைவிட வலுவான ஆதரவு எனக்குத் தெரியவில்லை.

பொறியாளருக்கு ஒரு கேள்வி. 2021-இல் வந்த புதுப்பித்த பதிப்பை வாங்கச் சொல்லலாமா, பழைய பதிப்பே போதுமா? கைத்தொலைபேசியில் விளையாட விரும்புபவர்களும் இருக்கிறார்கள்.

கூலிம் பொறியாளர் எழுதியது:

அண்ணன் கடைக்கு வரும் கணினிகளுக்குப் பழைய பதிப்புதான் பொருந்தும். 2021 நவம்பரில் வந்த புதுப்பித்த பதிப்பு 8 ஜிகாபைட் நினைவகமும் தனி வரைகலை அட்டையும் கேட்கிறது. அது 2013-இல் கைத்தொலைபேசிக்கு வந்த பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. வெளிவந்தபோது முகங்கள் சிதைந்தும், மழை கண்ணை மறைக்கும் அளவுக்குத் தடித்தும், பல பிழைகளோடு இருந்ததால் நிறுவனமே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. இந்த உரையாடலுக்குப் பொருத்தமான குறை இன்னொன்று: அதில் மூட்டத்தை நீக்கிவிட்டார்கள். மலையுச்சியில் நின்றால் மூன்று நகரமும் ஒரே பார்வையில் தெரிந்தன. நிலம் சுருங்கிவிட்டது என்று பலரும் முறையிட்டார்கள். 2024 நவம்பர் மேம்பாட்டில் பழைய வான ஒளியையும் மூட்டத்தையும் தேர்ந்தெடுக்கும் வசதியைச் சேர்த்த பிறகு அது எவ்வளவோ தேறியிருக்கிறது. வலுவான கணினி இருப்பவர்கள் அந்த அமைப்பை இயக்கிவிட்டு விளையாடலாம். கைத்தொலைபேசிக்கும் இப்போது அந்தப் பதிப்பு கிடைக்கிறது.

பழைய பதிப்பை உரிமத்தோடு வைத்திருப்பவர்களுக்கு முதலில் சைலண்ட் எழுதிய திருத்தத்தைச் சேர்த்துக் கொடுங்கள். ஸ்கிம்மர் சிக்கலும் அதில் தீர்ந்துவிடுகிறது. பிறகு அமைப்புகளில் உள்ள ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்) கட்டுப்பாட்டைப் பையன்கள் அணைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து நிரல் ஒரு விநாடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற கணக்கை நம்பி எழுதப்பட்டது. அதை அணைத்தால் காட்சி வழுக்கிக்கொண்டு போகுமே தவிர, நீந்துவதும் வண்டி ஓட்டுவதும் பிசகும். ஓட்டுநர் பள்ளித் தேர்வுகளில் சிலவற்றைத் தேறுவதே பெரும்பாடாகிவிடும்.